ஃப்ளூ பரிசோதனைக்கு ஸ்வாப் எடுத்து அனுப்புவது எப்படி: புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை தொடங்கி அக்டோபர், நவம்பர் ஆனதும் தமிழ்நாட்டில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் டெங்கு, இன்னொரு பக்கம் இன்ஃப்ளூயன்சா. அந்த நெரிசலில்தான் புதிதாகச் சேர்ந்த ஸ்டாஃப் நர்ஸ் கையிலோ லேப் டெக்னீஷியன் கையிலோ ஒரு ஸ்வாப் (மூக்கிலும் தொண்டையிலும் சாம்பிள் எடுக்கும் குச்சி) பாக்கெட்டைக் கொடுத்து, "அந்த பெட்ல இருக்கறவங்களுக்கு ஃப்ளூ சாம்பிள் எடுத்து அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வேலைக்கு ஓடிவிடுவார்கள். எடுப்பது ஒரு நிமிட வேலைதான். ஆனால் நோயாளியின் அடுத்த சில நாட்கள் எப்படிப் போகும் என்பது அந்த நிமிடத்தைப் பொறுத்தும் இருக்கிறது.

ஆய்வகத்தில் எவ்வளவு விலை உயர்ந்த கருவி இருந்தாலும், குழாய்க்குள் வராத வைரஸை அது காட்டாது. தப்பாக எடுத்த சாம்பிளும், வழியில் வெந்துபோன சாம்பிளும் கடைசியில் "நெகட்டிவ்" என்றுதான் தாளில் வரும். அந்தத் தாளை நம்பி ஒருவருக்கு மருந்தை நிறுத்திவிடக்கூடும், சாதாரண வார்டில் நான்கு பேருக்கு நடுவில் படுக்க வைத்துவிடக்கூடும். அதனால் இந்த வேலையை அவசரத்தில் கற்றுக்கொள்ளாமல், ஒருமுறை நிதானமாகப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லோருக்கும் எடுக்க வேண்டியதில்லை

2009-இல் எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) உலகம் முழுக்கப் பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்தது. அந்தப் பிரிவுகளைத்தான் இன்றும் வைத்திருக்கிறோம். லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்று வருபவர் ஏ பிரிவு. அவருக்குப் பரிசோதனை தேவையில்லை. வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லி, ஒன்றிரண்டு நாளில் மறுபடி பார்த்தால் போதும். கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் இருப்பவர்கள் பி பிரிவு. லேசான அறிகுறிதான் என்றாலும் கர்ப்பிணி, சிறு குழந்தை, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோய், இதயம், நுரையீரல், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் என்றால் அவர்களும் பி பிரிவுதான். இவர்களுக்கும் பரிசோதனை கட்டாயமில்லை. மருத்துவர் பார்த்து, ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஓசெல்டமிவிர் தொடங்குவார்.

சி பிரிவுக்குத்தான் ஸ்வாப் எடுக்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது, சளியில் ரத்தம், நகம் நீலம் பாய்வது ஆகியவை அதன் அடையாளங்கள். குழந்தையாக இருந்தால் பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, இறங்காத காய்ச்சல். இவர்களை உடனே சேர்க்க வேண்டும், சாம்பிள் எடுக்க வேண்டும், மருந்தும் தொடங்க வேண்டும்.

இதில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: முடிவு வரட்டும் என்று ஓசெல்டமிவிரை நிறுத்தி வைக்கக்கூடாது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அந்த மருந்துக்கு முழுப் பலன். நிலைமை மோசமாக இருக்கும் நோயாளிக்கு அதற்குப் பிறகும் கொடுப்பார்கள். ஸ்வாபை மருந்துக்கு முன் எடுக்க முடிந்தால் நல்லது. ஸ்வாப் எடுக்க ஆள் இல்லை என்று மருந்தைத் தள்ளிப்போடுவது மட்டும் கூடவே கூடாது.

எந்த நாளில் எடுப்பது

காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று, நான்கு நாட்களில் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் நிறைய இருக்கும். அதன் பிறகு குறைந்துகொண்டே போகும். ஏழு நாளைத் தாண்டினால் மேல் சுவாசப் பாதையில் கிடைக்காமல் போகலாம். குழந்தைகளிடமும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடமும் இன்னும் சில நாட்கள் கூடுதலாக இருக்கும். "எப்போதிலிருந்து காய்ச்சல்?" என்று கேட்டால் பலர் "ரெண்டு மூணு நாளா" என்றுதான் சொல்வார்கள். அதோடு விடாதீர்கள். "போன ஞாயிற்றுக்கிழமை நல்லா இருந்தீங்களா? வேலைக்குப் போனீங்களா?" என்று கிழமை வைத்துக் கேட்டால் சரியான தேதி வந்துவிடும். சாம்பிளோடு அனுப்பும் படிவத்தில் அந்தத் தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்று யாருக்கும் தெரியாது.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்

ஸ்வாப் குச்சி பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். நுனி நைலான், டாக்ரான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழையாக இருக்க வேண்டும். வார்டில் சீழ் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) வைத்திருக்கும் மரக்குச்சி, பஞ்சு நுனி ஸ்வாப் இதற்கு ஆகாது. மரத்திலிருந்து கசியும் சில பொருட்கள் வைரஸைச் செயலிழக்கச் செய்யும், ஆய்வகத்தில் வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். வினையையும் தடுக்கும். கால்சியம் ஆல்ஜினேட் நுனியும் வேண்டாம். பாக்டீரியா கல்ச்சருக்கான ஜெல் குழாயும் வேண்டாம். அவசரத்தில் புதியவர்கள் எடுப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான். எடுக்கும் முன்பு பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். மூக்குக்கு மெல்லிய, வளையும் குச்சி. தொண்டைக்குச் சற்றுத் தடித்தது.

அடுத்தது வி.டி.எம். குழாய், அதாவது வைரஸைக் கெடாமல் சுமந்து செல்லும் திரவம். பெரும்பாலும் 3 மி.லி. இருக்கும். உப்புக் கரைசல், வைரஸைத் தாங்க ஒரு புரதம், பாக்டீரியாவும் பூஞ்சையும் வளராமல் இருக்க மருந்துகள், நிறங்காட்டியாக ஃபீனால் ரெட் ஆகியவை அதில் கலந்திருக்கும். அதனால்தான் இளஞ்சிவப்பு நிறம். குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சளாக மாறியிருந்தாலோ கலங்கலாக இருந்தாலோ உள்ளே ஏதோ வளர்ந்துவிட்டது என்று பொருள். தூக்கி எறிந்துவிட்டு வேறு எடுங்கள். காலாவதி தேதியையும் அப்படியே பாருங்கள்.

இவற்றோடு என்-95 முகக்கவசம், கண்ணாடி அல்லது முகத்திரை, கையுறை, கவுன். ஸ்வாப் எடுக்கும்போது நோயாளி தும்முவார், இருமுவார், அதுவும் நேராக உங்கள் முகத்தை நோக்கி. காற்றோட்டமுள்ள இடத்தில் எடுங்கள். நேர் எதிரே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கிட்டுக்கும் ஐஸ் பேக்கிற்கும் ஏற்பாடு ஆனபிறகு எடுங்கள். எடுத்துவிட்டு ஐஸ் பேக்கைத் தேடக்கூடாது.

எடுக்கும் முறை

முதலில் பேசுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருப்பவரின் மூக்கில், முகம் தெரியாத உடுப்போடு வந்து ஒரு குச்சியை நுழைத்தால் யாரும் பயந்துபோவார்கள். "பாட்டி, சளி டெஸ்ட் எடுக்கணும். மூக்குக்குள்ள இந்த மெல்லிசு குச்சி போகும். வலிக்காது, ஆனா கூசும், கண்ணுல தண்ணி வரும். பத்து எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும். கையைத் தட்டிவிட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவர்கள் கையால் படுக்கைச் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம். மூக்கில் சமீபத்தில் அடிபட்டதா, அறுவை சிகிச்சை நடந்ததா, ரத்தம் கசிகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடர வேண்டும். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தால் ஒருமுறை சிந்தச் சொல்லுங்கள். மூக்கின் முன்பக்கத்தில் நிற்கும் தண்ணீர்ச் சளி நமக்கு வேண்டாம், உள்ளே இருக்கும் செல்கள்தான் வேண்டும்.

தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொல்லி, தலைக்குப் பின்னால் தலையணையோ சுவரோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குச்சி உள்ளே போகப் போகத் தலையும் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். மூக்கின் வழி, மேல்நோக்கிக் கண்ணுக்குப் போவதில்லை. அது தரைக்கு இணையாக, காதின் பக்கமாகப் போகிறது. புதியவர்கள் பெரும்பாலும் குச்சியை மேல்நோக்கிச் செருகுகிறார்கள். அது எலும்பில் முட்டும், வலிக்கும், ரத்தமும் வரும். மூக்கின் நுனியை ஒரு விரலால் லேசாகத் தூக்கி, குச்சியை அண்ணத்துக்கு இணையாக மெதுவாக உள்ளே விடுங்கள். பின்சுவரில் மெத்தென்று ஒரு தடை தட்டுப்படும். அங்கே நில்லுங்கள். மூக்குத் துவாரத்திலிருந்து காதுத் துளை வரையிலான தூரத்தைத் தாண்டி எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது. பாதி வழியிலேயே இடித்தால் அழுத்தித் தள்ளாதீர்கள். நடுச்சுவர் வளைந்தவர்கள் நிறைய உண்டு, அடுத்த துவாரத்தில் முயன்று பாருங்கள்.

சரியான இடத்துக்குப் போனதும் உடனே இழுத்துவிடாதீர்கள். சில நொடிகள் அப்படியே வைத்திருங்கள், நுனி ஈரத்தை உறிஞ்சட்டும். பிறகு விரல்களுக்கிடையில் மெல்லச் சுழற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். நோயாளியின் கண்ணில் நீர் கோத்தால் நீங்கள் சரியான இடத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

அப்புறம் தொண்டை. வாயை அகலத் திறந்து "ஆ" சொல்லச் சொல்லுங்கள், நாக்கை நாக்குத் தட்டையால் அழுத்திக்கொள்ளுங்கள். இரண்டு டான்சில்களையும், அவற்றுக்குப் பின்னால் தெரியும் தொண்டைப் பின்சுவரையும் நன்றாகத் தேய்த்து எடுங்கள். நாக்கு, பல், ஈறு, உள்நாக்கு எதிலும் நுனி படக்கூடாது. குமட்டும், அதனால் சாப்பிட்டவுடன் எடுக்க வேண்டாம். இரண்டு ஸ்வாபையும் ஒரே வி.டி.எம். குழாயில் போடலாம், அப்படிப் போட்டால் வைரஸ் அகப்படும் வாய்ப்பு கூடுகிறது. நுனி திரவத்தில் மூழ்க வேண்டும். குச்சியில் அடையாளமிட்ட இடத்தில் ஒடித்து, மூடியைச் சொடுக்கென்று இறுகும் வரை திருகுங்கள். குச்சி நீளமாக நின்று மூடி சரியாக மூடாமல் போவதுதான் வழியில் கசிவதற்கு முக்கியக் காரணம்.

குழந்தையைத் தாயின் மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் நெற்றியையும் இன்னொரு கையால் இரண்டு கைகளையும் சேர்த்து அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் தொண்டையை எடுத்தால் வாயைத் திறக்க வைப்பது எளிது, மூக்கில் எடுத்த பிறகு எந்தக் குழந்தையும் நம்மை நம்பாது.

வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு மூக்கு ஸ்வாப் மட்டும் போதாது. நோய் நுரையீரலுக்கு இறங்கிய பிறகு மேலே வைரஸ் தீர்ந்துபோய், கீழே மட்டும் இருக்கலாம். மூச்சுக்குழாய் வழியாக உறிஞ்சிய சளியைக் கிருமிநீக்கிய குப்பியில் எடுத்து அனுப்புங்கள். முதல் ஸ்வாப் நெகட்டிவ் வந்து, நோயாளியின் நிலைமை ஃப்ளூவைப் போலவே இருந்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும்.

முடிந்ததும் ஸ்வாப் உறை, நாக்குத் தட்டை, முகக்கவசம், கவுன் மஞ்சள் பையில். கையுறை சிவப்புப் பையில். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த வேலை. இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் கையுறை மாற்றாமல் போனால், முதலாமவரின் வைரஸ் இரண்டாமவரின் குழாயில் ஏறிவிடும். பி.சி.ஆர். அதையும் விடாமல் கண்டுபிடிக்கும்.

பெயர் ஒட்டுவதும் படிவமும்

லேபிளைக் குழாயின் உடம்பில் ஒட்டுங்கள், மூடியில் வேண்டாம். ஆய்வகத்தில் மூடிகளைக் கழற்றி வைப்பார்கள், எந்த மூடி எந்தக் குழாய்க்கு என்று அப்புறம் தெரியாது. பெயர், வயது, பாலினம், ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், எந்த வகை மாதிரி, எடுத்த தேதி, நேரம். தண்ணீர் பட்டால் அழியாத பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா மை ஐஸ் பெட்டியின் ஈரத்தில் ஒரு மணி நேரத்தில் கரைந்து ஓடிவிடும். ஒட்டும் இடம் படுக்கைப் பக்கம்தான். ஐந்து குழாய்களைக் கையில் வைத்துக்கொண்டு நர்சிங் ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்து ஒட்டினால் ஒன்று மாறும். நம் ஊரில் ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று முருகன் இருப்பது சாதாரணம். அதனால் கணவர் அல்லது தந்தை பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். குழாயில் இருக்கும் பெயரும் படிவத்தில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

படிவத்தில் மேலே சொன்ன காய்ச்சல் தொடங்கிய தேதியோடு, என்ன அறிகுறி, எந்தப் பிரிவு, ஓசெல்டமிவிர் எப்போது தொடங்கியது, ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறாரா, கர்ப்பமா, வேறு நோய் உண்டா, அண்மையில் பயணம் செய்தாரா என்று எல்லாவற்றையும் நிரப்புங்கள். தொடர்பு எண் உயிரோடிருக்கும் எண்ணாக இருக்கட்டும். பாசிட்டிவ் வந்தால் சுகாதார ஆய்வாளர் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிட்டு, வீட்டில் மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

நாமக்கல் பக்கம் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: நோயாளி கோழிப்பண்ணையில் வேலை செய்கிறாரா, பண்ணையிலோ வீட்டிலோ கோழிகள் கூட்டமாகச் செத்தனவா? பன்றி வளர்ப்பவர்களிடமும் இதே போல் கேளுங்கள். பதில் ஆமாம் என்றால் படிவத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, மருத்துவரிடமும் மாவட்டக் கண்காணிப்பு அலுவலரிடமும் சொல்லி, ஆய்வகத்துக்குப் போன் செய்துவிட்டு அனுப்புங்கள். மனிதரிடம் வழக்கமாகக் காணும் எச்1, எச்3 வகைகளுக்கான சோதனையில் பறவைக் காய்ச்சல் வைரஸ் "ஏ வகை, உட்பிரிவு தெரியவில்லை" என்றுதான் வரும். அந்த ஒரு வரியைப் பார்த்து எச்சரிக்கையாக வேண்டும் என்றால், கோழி பற்றிய தகவல் அவர்கள் முன்னால் இருக்க வேண்டும். இந்தியாவில் மனிதருக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றியது முதன்முதலில் 2021-இல் உறுதியானது. ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் அதில் உயிரிழந்தான்.

குளிர் விடாமல் பார்த்துக்கொள்வது

எடுத்த நொடியிலிருந்து குழாய் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் 72 மணி நேரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் தாமதமாகும் என்றால் மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். சாதாரண ஃப்ரிட்ஜின் மேல் தட்டில், மைனஸ் 20-இல், உறைய வைக்காதீர்கள். அந்தக் குளிரில் வைரஸ் மெல்ல அழிந்துபோகும். உறைந்து, உருகி, மறுபடி உறைந்தால் இன்னும் மோசம்.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியில் நோயாளி சாம்பிளை வைக்கவே கூடாது. "ஒரு ராத்திரிதானே" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தடுப்பூசிக்கான கேரியரையும் இதற்குப் பயன்படுத்தக்கூடாது. சாம்பிளுக்கென்று தனிப் பெட்டியை ஒதுக்கி, மேலே எழுதி ஒட்டிவையுங்கள்.

ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் நேராகக் குழாயோடு சேர்த்து வைத்தால் குழாயும் உறைந்துபோகும். தடுப்பூசி முகாமுக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஐஸ் பேக்கை வெளியே வைத்து வியர்க்க விடுவார்கள், காதருகே ஆட்டிப் பார்த்து உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் அடுக்குவார்கள். அதையே இங்கும் செய்யுங்கள்.

மூன்று அடுக்குப் பொட்டலம்

முதல் அடுக்கு வி.டி.எம். குழாய். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் (இழுத்தால் நீளும் மெழுகுப் படலம்) இழுத்து ஒட்டி, குழாயைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சோ டிஷ்யூவோ வையுங்கள். கசிந்தால் முழுத் திரவத்தையும் குடித்துவிடும் அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டாவது அடுக்கு, கசியாத திருகு மூடி டப்பாவோ ஜிப் பையோ. பல குழாய்கள் என்றால் ஒன்றோடொன்று இடிக்காமல் தனித்தனியாகச் சுற்றி, நிமிர்ந்து நிற்கும்படி வையுங்கள். மூன்றாவது, ஐஸ் பேக் சுற்றிலும் வைத்த வெளிப் பெட்டி. ஐஸ் இரண்டாவது அடுக்குக்கு வெளியில்தான் இருக்க வேண்டும்.

படிவத்தைக் குழாயோடு சேர்த்துச் சுற்றாதீர்கள். தனி ஜிப் பையில் போட்டு, வெளிப் பெட்டிக்கும் இரண்டாவது அடுக்குக்கும் நடுவில் வையுங்கள். குழாய் கசிந்தால் படிவம் நனையும், அதைத் தொடுபவருக்கும் ஆபத்து. பெட்டியின் மேல் சாய்சதுரக் கட்டத்துக்குள் "யு.என். 3373" குறியும், அதன் பக்கத்தில் "உயிரியல் பொருள், பி வகை" என்ற வரியும், எந்தப் பக்கம் மேலே என்று காட்டும் அம்புகளும் இருக்க வேண்டும். அனுப்புபவர், பெறுபவர் முகவரியும் போன் எண்ணும் எழுதுங்கள்.

ஒப்படைப்பது

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் தெரியாமல் இருக்காது. 1899-இல் தொடங்கிய அந்த நிலையம்தான் 2009 எச்1என்1 பரவலின்போது தமிழ்நாட்டின் சாம்பிள்களைப் பார்த்தது. இன்று மாவட்டங்களில் பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் வைரஸ் ஆய்வகங்கள் இருக்கின்றன. உங்கள் மருத்துவமனைக்கு எது ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை மணி வரை வாங்குவார்கள், ஞாயிற்றுக்கிழமை வாங்குவார்களா என்று இன்றே கேட்டு, எண்ணோடு சுவரில் ஒட்டிவையுங்கள். ஃப்ளூ உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் தீபாவளி விடுமுறையும் மழை விடுமுறையும் வரும். வெள்ளி மாலை கூரியரில் போட்ட பெட்டி திங்கள் காலை வரை எங்கோ ஒரு மேசையில் கிடந்தால், அந்த நோயாளிக்கு எடுத்ததெல்லாம் வீண். அனுப்பும் முன்பு போன் செய்யுங்கள், போய்ச் சேர்ந்ததா என்று மறுபடியும் கேளுங்கள். எத்தனை குழாய், எத்தனை மணிக்கு, யார் கையில் கொடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். விவரங்களை ஐ.எச்.ஐ.பி. என்ற மத்திய அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளத்திலும் ஏற்ற வேண்டும். அது யாருடைய வேலை என்பதை உங்கள் மருத்துவமனையில் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முடிவைப் படிப்பது

ஆய்வகம் வைரஸை மட்டும் தேடுவதில்லை. ஆர்.என்.ஏஸ் பி என்ற மனித மரபணுவையும் சேர்த்தே தேடும். நாம் மூக்கிலிருந்து செல்களை உண்மையிலேயே எடுத்தோமா என்பதற்கு அதுதான் சாட்சி. அதுவும் கிடைக்காவிட்டால் முடிவு "செல்லாது" என்று வரும், மறுபடி எடுக்க வேண்டும். ஆனால் செல் கொஞ்சம் இருந்தாலே இந்தச் சோதனை தேறிவிடும். அதனால் மூக்கின் வாசலில் ஒப்புக்குத் தேய்த்து எடுத்த சாம்பிளும் "நெகட்டிவ்" என்று வந்துவிடலாம். அந்தத் தவறை எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாது.

பாசிட்டிவ் என்றால் ஏ வகையா பி வகையா, ஏ என்றால் எச்1என்1-ஆ எச்3என்2-ஆ என்றும் எழுதியிருப்பார்கள். சில சாம்பிள்கள் மேலாய்வுக்குப் புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிலையத்துக்கும் போகும். அங்கே வைரஸை வளர்த்து, மரபணு வரிசையைப் படித்து, உலக சுகாதார அமைப்போடு பகிர்ந்துகொள்கிறார்கள். ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் அடுத்த தடுப்பூசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது இப்படி உலகெங்கும் சேரும் சாம்பிள்களை வைத்துத்தான். பி வகையில் யமகதா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்குமே உறுதியாகத் தென்படவில்லை என்று தெரிந்துகொண்டதும், அதன் பேரில் தடுப்பூசியில் நான்கிலிருந்து மூன்று வைரஸாகக் குறைத்ததும் இந்தக் குழாய்களால்தான். நீங்கள் குளிர் குறையாமல் அனுப்பினால் உங்கள் வார்டின் சாம்பிளும் அதில் சேரும்.

நெகட்டிவ் வந்தால் மூன்று விஷயங்களை மருத்துவரிடம் சொல்லுங்கள்: காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தது, மூக்கு, தொண்டை இரண்டும் எடுத்ததா, குளிர் எங்காவது விட்டுப்போனதா. மருந்தை நிறுத்துவதா, நுரையீரல் சளியை எடுத்து மறுபடி அனுப்புவதா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். இந்த மூன்றையும் கேஸ் ஷீட்டிலும் எழுதிவையுங்கள், அடுத்த டியூட்டிக்கு வருபவருக்கும் தெரிய வேண்டும்.